இரண்டு நொடி வேகம்

மார்ச் 3

பல் துலக்குவதற்கு முன்பே இணையக் குழுமத்தைத் திறந்துவிட்டேன். புதிய பதிப்பு வெளிவந்துவிட்டது. ஊரில் இருப்பவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும் கூடி இலவசமாக வளர்க்கிற கணினி இயங்குதளம் இது. பதிப்பு வருகிற நாள் எங்களுக்குக் கல்யாண வீடு மாதிரி, சண்டையும் உண்டு. இன்றைய சண்டை, சின்னங்களின் மூலைகள் உருண்டையாக இருக்கலாமா கூடாதா என்பது. நானும் என் பங்குக்கு நாலு வரி எழுதிவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பினேன். கணினிக்கூடம் என் பொறுப்பு. அங்கே எல்லாவற்றையும் நான்தான் புதுப்பிக்க வேண்டும்.

கொத்தனார் எழுதியிருந்தார்: "பழைய குப்பையை எல்லாம் இடிச்சுத் தள்ளியாச்சு. தொடங்குற நேரம் ரெண்டு நொடி குறைஞ்சிருக்கு." அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. திரைப் பகுதி முழுக்க அவர் கட்டியது என்பதால் அந்தப் பட்டம்.

மார்ச் 9

அண்ணன் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"உன் கூட்டாளிங்க என்ன பண்ணித் தொலைச்சாங்க? அது வாயையே திறக்க மாட்டேங்குது."

அவனுக்கு மருத்துவமனையில் தட்டச்சு வேலை. அங்கேயும் எங்கள் இயங்குதளம்தான். மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு அறிக்கையாக அடித்துக் கொடுப்பான். பார்வை போன பிறகு புதிதாகக் கற்றுக்கொண்ட தொழில். திரையில் இருப்பதைத் திரைவாசிப்பான் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அவன் வைத்திருக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, தகரத்தில் மழை விழுகிற மாதிரி இருக்கும். அண்ணி அதற்கு வைத்திருக்கும் பெயர் சக்களத்தி.

"சக்களத்தி வாயை மூடிட்டாளா? இன்னிக்குத்தான் எனக்கு நல்ல நாள்," என்றார் அண்ணி.

அண்ணன் சிரிக்கவில்லை. வழக்கமாக முதலில் சிரிப்பவன் அவன்தான்.

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டேன். இடித்துத் தள்ளிய குப்பையில்தான் இருந்திருக்கிறது — திரையில் என்ன இருக்கிறது என்று திரைவாசிப்பானுக்கு எடுத்துச் சொல்கிற பகுதி. அது இல்லாமல் திரைவாசிப்பான் ஊமை. குழுமத்தில் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன்.

மார்ச் 11

பதில்கள் வந்திருக்கின்றன. வராமலே இருந்திருக்கலாம்.

மின்னல் என்ற பெயரில் எழுதுகிறவன்: "இதனால எத்தனை பேருக்குப் பிரச்சினை? நூத்துல ஒருத்தர் தேறுவாரா?" இன்னொருவர்: "அந்த ஒருத்தர் காசு கொடுத்து வேற ஏதாச்சும் வாங்கிக்கட்டுமே." கடைசியாகக் கொத்தனார்: "வேணும்னா கோட் எழுதி அனுப்புங்க. கண்ணீர் கம்பைல் ஆகாது."

கண்ணீரைப் போட்டால் கணினி ஓடாது என்கிறார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள். நான் அழுததாக எங்கே எழுதினேன்? 'என் அண்ணன்' என்று ஓர் இடத்தில் எழுதினேன். அது போதும் போலிருக்கிறது.

மார்ச் 14

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். கணினிப் பிரிவு அதிகாரி உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"பழசுக்குத் திரும்ப முடியாதும்மா. அதுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வர்றது நின்னு போச்சு. நோயாளிங்க விவரம் எல்லாம் இதுலதான் இருக்கு. ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அவர் சொல்வது சரி. அதுதான் வயிற்றெரிச்சல். தப்பாகப் பேசியிருந்தால் ஒரு பிடி பிடித்திருப்பேன்.

திரும்பும்போது அண்ணனின் அறையை எட்டிப் பார்த்தேன். பக்கத்து மேசை அம்மா தன் வேலையை விட்டுவிட்டு, அவன் அடித்ததை அவனுக்கே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார், எழுத்துக் கூட்டுகிற மாதிரி. அண்ணன் தலையைத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். என் காலடி கேட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டான். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 20

கோட் எழுதவே உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது வயரும் பிரிண்டரும். பார்ப்போம்.

ஏப்ரல் 6

அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது. "வரி இடைவெளி விதிப்படி இல்லை."

ஏப்ரல் 9

மறுபடியும் திரும்பி வந்தது. விளக்கக் குறிப்பு நீளமாம்.

ஏப்ரல் 13

இந்த முறை கேள்வி வேறு: "இதைச் சேர்த்தா தொடங்குற நேரம் எவ்வளவு கூடும்?" அளந்து சொன்னேன். அரை நொடிகூட இல்லை. சரி என்று சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பொது விவாதத்துக்கு விட்டிருக்கிறார்கள்! மின்னல் எழுதுகிறான்: "இன்னிக்கு அரை நொடி. நாளைக்கு?"

நாளைக்கு என்னடா? நாளைக்கு எங்கண்ணன் குனியாம வேலைக்குப் போவான், அவ்வளவுதான்டா. உன் அரை நொடியை வச்சு நீ எதைச் சாதிச்சுக் கிழிக்கப் போற?

இப்படியே அங்கே அடித்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன். இங்கேயாவது இருக்கட்டும்.

ஏப்ரல் 22

அண்ணனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். "சரியானதும் கூப்பிடறோம் சார்" என்றார்களாம். நாள் முழுக்க வானொலி ஓடுகிறது, அவன் கேட்கிற மாதிரி தெரியவில்லை. அண்ணி துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமையும் நிற்க ஆரம்பித்திருக்கிறார். இன்று பாத்திரம் விளக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"அவங்கல்லாம் உன் ஆளுங்கதானே? சோறு தண்ணி இல்லாம வருஷக்கணக்கா அதுலயே கிடந்தியே. ஒருத்தன்கூடவா உனக்காகப் பேச மாட்டான்?"

"அப்படி இல்ல அண்ணி..."

"வேற எப்படி?"

இதுவரை அவர்கள் இதே மாதிரி கேட்டு வந்த மற்றவர்களை விரட்டியபோது நான் எங்கே இருந்தேன்? மூலை உருண்டையா சதுரமா என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மே 17

சேர்த்துவிட்டார்கள்.

என் கோட் திருந்திவிட்டதால் அல்ல. ஒரு தொழில்நுட்பச் செய்தித் தளம் 'பார்வையற்றோரைக் கைகழுவிய இயங்குதளம்' என்று தலைப்புப் போட்டுவிட்டது. காலையில் பார்த்தால் குழுமம் முழுக்கக் கருணை ஆறாக ஓடுகிறது. மின்னல்கூட 'மனிதநேயம்' என்ற சொல்லை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருக்கிறான். கொத்தனார் நான் அனுப்பியதை எடுத்து, இங்கே தட்டி அங்கே தட்டி, தன் பெயரில் ஏற்றியிருக்கிறார். அடியில் ஒரு வரி: 'யோசனை தந்த பயனருக்கு நன்றி.'

பயனர். நான்தான் அது.

போகட்டும். அண்ணன் வேலைக்குப் போனால் சரி.

மே 20

போகவில்லை. மருத்துவமனையிலிருந்து அந்த அதிகாரியே கூப்பிட்டார். தட்டச்சுப் பிரிவையே மூடுகிறார்கள். மருத்துவர் பேசப் பேசத் தானாக அடிக்கிற மென்பொருளைச் சும்மா சோதித்துப் பார்த்தார்களாம், அண்ணன் இல்லாத இடைவெளியில். பழகிவிட்டதாம். பக்கத்து மேசை அம்மாவுக்கும் வேலை இல்லை.

"அது என்னிக்கா இருந்தாலும் வந்திருக்கும், விடு," என்றான் அண்ணன்.

வந்திருக்கும்தான். ஆனால் இவன் நாற்காலி காலியாக இருந்ததால்தானே சோதித்தார்கள்? அதை அவனிடம் கேட்கவில்லை. அவனுக்கும் தோன்றியிருக்கும்.

ஜூன் 25

நேற்று கணினி ஆர்வலர்களின் ஆண்டுக் கூட்டம். 'எல்லோருக்குமான கணினி' என்று கொத்தனார் பேசுகிறார் என்று போட்டிருந்தார்கள். நான் போக மாட்டேன் என்றேன். "வா, அந்த ஆள் குரலைக் கேக்கணும்," என்று அண்ணன்தான் கிளப்பினான்.

ஆளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒல்லியாக, சட்டைக் காலர் மடங்கி, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு — இவனையா இத்தனை மாதம் சபித்தேன்? பேச்சு முடிந்ததும் குழுமத்து ஆள் யாரோ என்னைக் கைகாட்ட, நேராக எங்களிடம் வந்தான். அண்ணனின் கையைத் தானே எடுத்துக் குலுக்கினான்.

"சார், உங்களை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் சார் இதெல்லாம்."

"ரொம்ப நன்றி தம்பி," என்றான் அண்ணன். "நல்லாப் பேசினீங்க."

அவ்வளவுதான். பேருந்து நிறுத்தம் வரைக்கும் பொறுத்தேன். பிறகு பொறுக்கவில்லை.

"ஏண்ணா சொல்லல? வேலை போச்சுன்னு சொல்லியிருக்கலாமே. மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வருத்தப்படுவான். அப்புறம் நூத்துல எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு விவாதம் ஆரம்பிப்பான். நமக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 8

அண்ணனுக்கு வாடகைக் கார் நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கிற வேலை. கணினியைத் தொட வேண்டியதில்லை. இரண்டு பேருந்து மாற வேண்டும். அண்ணி ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்.

ஆகஸ்ட் 30

கொத்தனாருக்கு ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டது. குழுமத்தில் அறிவிப்பு: திரைவாசிப்பானுக்கு எடுத்துச் சொல்கிற குரல் பகுதியைப் பராமரிக்க ஆள் தேவை. யாரும் முன்வராவிட்டால் அடுத்த பதிப்பில் நீக்கப்படும்.

பக்கத்திலேயே புதிய பின்னணிப் படம் பற்றிய விவாதம், படிக்க ஆரம்பித்தால் விடியும். இந்த அறிவிப்புக்குக் கீழே ஒரே ஒரு பதில். 'தயவுசெய்து நீக்க வேண்டாம். நான் பார்வையற்ற ஆசிரியை. மாணவர்களின் கட்டுரைகளை இதில்தான் கேட்டுத் திருத்துகிறேன்.' மூன்று நாளாக அவளுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன்.

அண்ணனிடம் சொன்னேன். "நான்தான் இப்ப அதைத் தொடறதே இல்லையே, உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றான்.

நல்ல மனசு என்று நினைத்திருப்பான். அது இல்லை. இன்னொருத்தன் வந்து ஓர் அரை நொடிக்காக அதை மறுபடி இடித்துவிட்டுப் போவான் — அதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க என்னால் ஆகாது. ஆத்திரம்தான். வேறொன்றும் இல்லை.

அனுமதி உடனே வந்தது. போட்டிக்கு யார் இருக்கிறார்கள்? கூடவே, கொத்தனார் பிரித்தே பார்க்காத பழைய பிழைப் புகார்களும் வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஆசிரியையுடையது.

திறந்தேன். வரி இடைவெளி விதிப்படி இல்லை, தாறுமாறாக இருந்தது. படித்துப் பார்த்தேன், விஷயம் புரிந்தது.