வால்வைத் திருப்ப ஓர் இடம்

என்னங்க,

உங்கள் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

போன வாரம் ஆபீஸில் ஒரு கூத்து. புது அணுமின் நிலையத்துக்கு நான் வரைந்த குழாய் அறையைக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் சுற்றிக் காட்டினேன். எந்தக் குழாயும் இன்னொன்றில் இடிக்கவில்லை என்று எனக்கு ஏகப் பெருமை. தலைமைப் பொறியாளர், "எல்லாம் சரிம்மா, அந்த வால்வைத் திருப்புற ஆளு எங்க நிப்பாரு?" என்றார். குழாய்க்கெல்லாம் இடம் விட்டவள் மனுஷனுக்கு விடவில்லை! நானும் சேர்ந்துதான் சிரித்தேன். மாற்றியும் வரைந்து கொடுத்துவிட்டேன்.

ஆனால் அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட், குளியலறை, மாடிப்படி, எங்கே போனாலும் ஆள் நிற்க இடம் இருக்கிறதா என்றே கண் தேடுகிறது.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்புங்கள். கூடவே உங்கள் தோள் அளவை எழுதுங்கள். என் அறையில் கட்டிலை நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறேன். ஜன்னலோரம் இன்னொருவர் நிற்கலாம் போலிருக்கிறது. அளவு வந்தால் சரிபார்த்துவிடுவேன்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். தோள் அளவு எதற்கென்று அத்தை கேட்டால், சட்டை தைக்க என்று சொல்லிவிடுங்கள்.