ஒற்றைக் கண் ஆண்டவர்

அஸெஸோ,
மெகபிட் மாதம் 8

அன்புள்ள அஸ்னகெச்சுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? நம் மிஹ்ரெத் சாப்பிடுகிறாளா? வயிற்றுக் கட்டியை டாக்டர் எப்போது அறுக்கிறாராம்? பஸ் டிரைவரிடம் நோன்புக்கு ஷிரோ கடலை மாவு கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றேன், வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கோயில் சுவரில் கெத்செமனே தோட்டத்துப் படம் பாக்கி. ஆண்டவர் பயந்து வேர்த்த அந்த ராத்திரியை வரைந்தேன். முகம் தானாகவே பக்கவாட்டில் திரும்பி, ஒரு கண் மட்டும் தெரியும்படி ஆகிவிட்டது. கோயில் பாதிரியார் அபா வெல்தே பார்த்துவிட்டுக் குதித்தார்.

"இத்தனை வருஷமா கோயில் படம் வரையறே. ஒத்தக் கண்ணு யாருக்குடா போடுவோம்? யூதாசுக்கும் பேய்க்கும்! அதை ஆண்டவருக்குப் போட்டிருக்கியே!"

"பயந்த முகம் அபா, அப்படித்தான் திரும்பும்."

"கடவுளும் மனுஷனும் ஒண்ணானவர்டா அவர். நீ மனுஷனை மட்டும் தனியாப் பிச்செடுத்து வச்சிருக்கே. அழி!"

அழித்துவிட்டேன். நேராக வரைந்தாலோ பயம் போய்விடுகிறது, ராஜா மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். படம் முடியாமல் எப்படி வருவது?

உன்
மெங்கேஷா

அடிஸ் அபாபா,
மெகபிட் 11

மிஹ்ரெத்தின் அப்பாவுக்கு,

மாவு வந்தது. ஒரு வாய் தின்றாள், கக்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை அறுக்கிறார்கள். பிழைத்துக்கொள்வாளா என்று கேட்டால், "பாக்கலாம்மா" என்கிறார் டாக்டர். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று உங்கள் மகள் கேட்கிறாள்: "அப்பாவுக்கு என்னைப் பாக்கப் பயமாம்மா?"

"சுவர்ல வேலை இருக்குடி."

"சுவரு எங்க ஓடிப்போகுது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டது ஆண்டவரா, நீங்களா? உங்கள் அம்மா சாகக் கிடந்தபோதும் வாசலில்தான் நின்றீர்கள்.

எனக்கு மட்டும் பயமில்லையா? ஆனாலும் அவள் கண் திறக்கும்போதெல்லாம் நேரே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆண்டவரும் பயந்தார், ஆனால் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. அந்தப் போகாமல் இருந்ததில்தான் கடவுள் இருக்கிறார் என்று எனக்குப் படுகிறது. தப்பென்றால் அபா என்னைத் திட்டட்டும்.

அஸ்னகெச்

பஸ்ஸில்,
மெகபிட் 14, வியாழன்

என் அஸ்னகெச்சுக்கு,

நேரே பார்க்கும்படி வரைந்து முடித்துவிட்டேன். இரண்டு கண்ணும் உன் கண். அபா நெடுநேரம் பார்த்தார்.

"பயந்துதான் இருக்கார்," என்றார்.

"ஆமா அபா."

"ஆனா நம்மளையே பாக்கறாரே." குனிந்து சுவரை முத்தமிட்டுவிட்டு, "நீ கிளம்புடா," என்றார்.

இந்தக் கடிதத்தை உன்னிடம் சேர்க்கச் சொன்னால் டிரைவர் சிரிக்கிறார். "இதே வண்டியிலதானே நீயும் வர்றே?"

"நான் வாசல்லயே நின்னுடுவேன்யா. நீ உள்ள போய்க் குடு."

படித்ததும் வெளியே வா. என் கையைப் பிடித்து அவளிடம் இழுத்துக்கொண்டு போ.

மெங்கேஷா