பிங்க் தாளில் என் கட்டைவிரல்

மார்ச் 4, செவ்வாய்

எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது. ஒன்று மாடியில் நிற்கிறது, அடுத்தது தரையில் படுத்திருக்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டும். வாதம் வந்து இழுத்துக்கொண்ட கை இது. அதற்கு முன் நாற்பத்தோரு வருடம் சுவர்களுக்குப் பெயின்ட் அடித்த கை. அப்போதும் ஓர் எழுத்து எழுதியதில்லை. எழுபத்திரண்டு வயதில் எழுதுகிறது. இதுவரை எழுதியதற்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மகள் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 5, புதன்

சோப்பு உறையை முழுவதும் படித்தேன். அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் படித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் தெரபிஸ்ட் வருகிற நாள். கால் நடக்கப் பயிற்சி தருகிறவர் வேறு. இந்தப் பெண்ணின் வேலை, சட்டை போடுவது, தம்ளரை வாய்க்குக் கொண்டுபோவது, குளிப்பது, இதையெல்லாம் நானே செய்துகொள்ளும்படி ஆக்குவது. பேனா பிடிப்பதும் விரலுக்குப் பயிற்சி என்று ஒன்பது மாதம் முன்பு கையில் திணித்தாள். எழுத்தே தெரியாது என்றேன். “அப்போ ரெண்டையும் சேர்த்தே பண்ணிடலாம் ஐயா” என்றாள்.

இன்று அவள் முகம் சரியில்லை. தோண்டித் துருவிக் கேட்டேன். ஓர் ஏஜென்சி இவர்களை ஊர் ஊராக அனுப்புகிறதாம், ஒரு தடவைக்குப் பதின்மூன்று வாரம். ஒரு வீட்டுக்குப் போனால் இவ்வளவு என்று கூலி. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இரண்டு பஸ் மாறுகிற நேரத்துக்குக் கூலி இல்லை. நோயாளி கதவைப் பூட்டிக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு ஒன்றும் இல்லை. பெயின்டருக்குக்கூட சுண்ணாம்பு காய்கிற நேரத்துக்குச் சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

ஒரே ஊரில் தொடர்ந்து மூன்று ஒப்பந்தம் புகாரே இல்லாமல் முடித்தால் ஆஸ்பத்திரியே நேரடியாக மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளும். அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அக்கா வீட்டில் விட்டிருக்கிறாள். நிரந்தர வேலை கிடைத்தால் வீடு எடுத்துக் கூட்டி வந்துவிடலாம் என்று இருந்தாள். மூன்றும் முடிந்தது. நேற்று மனு திரும்பி வந்துவிட்டது. முதல் மாதமே யாரோ ஒரு நோயாளி புகார் கொடுத்திருக்கிறாராம். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

யாரம்மா அந்த ஆள் என்றேன். “பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க ஐயா. விடுங்க, கட்டைவிரலை மடக்குங்க.”

மடக்கினேன். விடவில்லை. அந்த ஆளுக்குச் சட்டைப் பித்தான் ஒன்றுகூட நேராக மாட்டாமல் போகட்டும்.

மார்ச் 12, புதன்

அவன் குளிக்கும்போது தண்ணீர் நிற்கட்டும். சோப்பு போட்ட பிறகு நிற்கட்டும்.

மார்ச் 13, வியாழன்

ஆஸ்பத்திரி வராந்தாவில் எப்போதும் குறை சொல்லிக்கொண்டிருக்கும் தொப்பிக்காரர் மேல் எனக்குச் சந்தேகம். அவரைக் கண்டால் என்ன சொல்வது என்று எழுதிப் பார்த்தேன். இங்கே எழுத முடியாத சொற்கள். ஒன்றிரண்டுக்கு எந்த எழுத்து என்றும் தெரியவில்லை, மகளிடம் கேட்கவும் முடியாது.

மார்ச் 16, ஞாயிறு

ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் தேடினேன். மருத்துவக் கோப்பில் ஒரு பிங்க் தாள் இருந்தது. கார்பன் நகல். படிப்பதற்கு ஏதாவது கிடைத்தால் நான் விடுவேனா? உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன்.

“வருபவர் உதவி செய்வதில்லை. நோயாளி சட்டை போடத் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.”

கீழே ஒரு கட்டைவிரல் ரேகை. பெயரைப் படிப்பதற்கு முன்பே ரேகையைத் தெரிந்துகொண்டேன். குறுக்கே வெட்டுத் தழும்பு. ஏணி சறுக்கிய அன்று தகரம் கிழித்தது.

தொப்பிக்காரர் இல்லை.

மார்ச் 17, திங்கள்

எல்லாம் ஞாபகம் வருகிறது. முதல் வாரம். சட்டையை என் மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம். வேர்த்து வழிந்தது, அழுகையே வந்துவிட்டது, கிட்ட வரவில்லை. வாங்குகிற காசுக்கு வேடிக்கை பார்க்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. அன்று மாலை ஏஜென்சி மேற்பார்வையாளர் வந்தார். எப்படி இருக்காங்க என்று இனிக்க இனிக்கக் கேட்டார். கொட்டித் தீர்த்தேன். எழுதினார். மையை நீட்டினார். அசல், நகல் இரண்டிலும் கட்டைவிரலை வைத்தேன்.

சட்டையை அவளே மாட்டிவிட்டால் என் கை என்றைக்கும் மாட்டாது. பார்த்துக்கொண்டு உட்காருவதுதான் அவர்கள் வேலையிலேயே கஷ்டமான வேலை. மூன்றாவது வாரம் முதல் பித்தான் மாட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் தாள் போய்விட்டது. போனதை மறந்தும்விட்டேன். சே, என்ன மனுஷன்டா நீ.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். தாளையும் காட்டினேன். அவள் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

“நீங்களா இருக்கும்னு நினைச்சேன் ஐயா. மொத வாரம் எல்லாருமே இதைத்தான் சொல்வாங்க. வேற ஊர்ல எல்லாம் மேற்பார்வையாளர் சிரிச்சுட்டு கிழிச்சுப் போட்டுடுவாரு. இவர் பத்திரமா வச்சிருந்திருக்காரு.”

ஏன் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி அவளை நேரடியாக எடுத்துக்கொண்டால் அவள் பேரில் ஏஜென்சிக்கு வருகிற பங்கு நின்றுவிடும். அவ்வளவுதான்.

நேற்று வரை என் கோபம் போக இடமில்லாமல் என்னையே கடித்துக்கொண்டிருந்தது. இன்று அதற்கு முகவரி கிடைத்துவிட்டது.

மார்ச் 21, வெள்ளி

புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு நாளாக எழுதி, மகளோடு ஏஜென்சிக்குப் போனேன். மேற்பார்வையாளர் தாளை ஒரு விரலால் திருப்பிப் பார்த்தார். “இது நீங்க எழுதினது இல்லையே பெரியவரே. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கும். நீங்க கைநாட்டுதானே?”

கைநாட்டு. சரி தம்பி. இரு.

மார்ச் 27, வியாழன்

இன்றைக்கு எழுத எனக்கு அவ்வளவு ஆசை, கை முந்துகிறது, நான் பின்னால் ஓடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிற அதிகாரியம்மாவிடம் மகள் நேரம் வாங்கியிருந்தாள். அந்த அம்மா மேற்பார்வையாளரையும் கூப்பிட்டு வைத்திருந்தார். அவர் அதே பேச்சைப் பேசினார். நான் வெள்ளைத் தாள் ஒன்று கேட்டேன். அவர் கண் முன்னால் எழுதத் தொடங்கினேன்.

என் புகார் தப்பு, அவள் செய்தது சரி என்று நான்கு வரி. ஐம்பது நிமிடம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். செருமினார். பொறுக்க மாட்டாமல், “பெரியவர் சொல்லட்டும், நான் எழுதித் தர்றேன்” என்றார். “சும்மா உட்காருங்க தம்பி” என்றேன். அதிகாரியம்மாவும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால் நாற்பது நிமிடத்தில் முடித்திருக்கலாம். சுழியெல்லாம் ஆற அமரப் போட்டேன்.

அதிகாரியம்மா படித்து முடித்து அவரிடம் திரும்பினார். “நீங்களும் இதே படிப்புதானே படிச்சீங்க? நோயாளி தானா சட்டை போடறப்ப தெரபிஸ்ட் என்ன பண்ணணும்?”

அவர் மேசையைப் பார்த்தார். “உட்கார்ந்து பார்க்கணும் மேடம்.”

“அப்புறம் இதை எதுக்கு அனுப்புனீங்க?”

வெளியே வந்து மகள் வாங்கித் தந்த காப்பியை வலது கையாலேயே குடித்தேன். சட்டையில் கொஞ்சம் கொட்டியது. கொட்டட்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாதச் சம்பளம், அலைச்சலுக்குத் தனியாகப் படி. ஆனால் இடம் காலியாக இருப்பது ஆஸ்பத்திரியின் வேறு கிளையில். ரயிலில் நான்கு மணி நேரம். இன்றுதான் கடைசியாக வந்தாள்.

இதுவரை நான்கு ஊரை ஒரே பெட்டியோடு சுற்றியவள். இந்தத் தடவையும் அதே பெட்டிதானா என்று கேலி செய்தேன். “இல்லங்க ஐயா, கட்டில் வாங்கப் போறேன். ரெண்டு பேர் படுக்கிற மாதிரி” என்றாள்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழிவாங்கத்தான் போனேன், நல்லதும் நடந்துவிட்டது. அதற்கு என் செவ்வாய்க்கிழமையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

யாரும் வரவில்லை. பித்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மணி அடித்தது. மகள் திறந்தாள். வாசலில் மேற்பார்வையாளர். தோளில் பை, முதுகெல்லாம் வேர்வை.

இப்போது அவர் மேற்பார்வையாளர் இல்லை. ஆஸ்பத்திரி கடிதம் போனதும் ஏஜென்சி அந்தப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. அவள் விட்டுப்போன இடத்துக்கு ஆளும் வேண்டியிருந்தது. பதின்மூன்று வாரம், வீட்டுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அதற்குக் காசு உண்டா என்று தெரியாதவன்போல் கேட்டேன். இல்லை என்றார். அடடா என்றேன்.

வேலை தெரிந்தவர்தான், அதை மறைக்கக் கூடாது. மோதிர விரல் மடங்காத காரணத்தை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

முடிந்ததும் ஒரு படிவத்தை மேசையில் வைத்தார். நோயாளி கருத்து எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அன்றைய கூலி கிடைக்கும். பழக்கத்தில் மைப் பெட்டியையும் திறந்துவிட்டார். நான் அதை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

“என்னங்க ஐயா எழுதப் போறீங்க?” என்றார். பெரியவரே போய் ஐயா வந்துவிட்டது.

“யோசிக்கணும் தம்பி.”

தேதியை மட்டும் எழுதினேன். அதற்கே ஆறு நிமிடம். அவர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், பஸ் போய்விடும். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டும் திரும்பிப் பார்த்தார். படிவம் என் மேசையிலேயே இருக்கிறது. கருத்து என்ற கட்டம் நல்ல அகலம், வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி. எனக்கு அவசரமில்லை. மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.