பின்பக்க அறையின் சாவி

என் அன்புள்ள சாம்பவி மச்சாளுக்கு,

உன் ஆட்டைத் திவசம் வருகிறது. நீ போய் ஒரு வருடம். அதற்காக அச்சடிக்கும் நினைவு மலரில் எனக்கும் ஒரு பக்கம் தந்திருக்கிறார்கள். மற்றவர்கள் உன் சிரிப்பைப் பற்றியும் உன் வீணையைப் பற்றியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவை எல்லாம் உண்மைதான். ஆனால் உனக்கு எழுதுவோம் என்று உட்கார்ந்தால் எனக்கு வேறு ஒன்றுதான் வருகிறது. எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது. "இருந்தது" என்று எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அது பொய்யாகிவிடும்.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்கிறேன். லண்டன் ஓரத்துக் கார்ஷால்டனில் உன் வீட்டில் இப்போது நாங்கள்தான் இருக்கிறோம். நீ போன பிறகு உன்னைப் பெற்ற மாமியாலும் மாமாவாலும் அங்கே இருக்க முடியவில்லை. ரெய்னர்ஸ் லேனுக்கு, உன் அண்ணாவோடு இருக்கப் போய்விட்டார்கள். முன்பின் தெரியாத ஆட்களுக்குக் கொடுக்க மாமிக்கு மனம் வரவில்லை. அதனால் தன் தம்பிக்கே, அதாவது என் அப்பாவுக்கே, வாடகைக்குத் தந்தார்.

டூட்டிங்கில் கொத்துரொட்டிக் கடைக்கு மேலே இருந்த எங்கள் பிளாட்டில் நீ வந்து தங்கும்போதெல்லாம், "இந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடியடி நித்திரை கொள்ளுறாய்?" என்று கேட்பாய். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு போய் வாசலில் வைப்பதுதான் இந்தத் தெருவில் வாரத்தின் பெரிய சத்தம். பக்கத்துக் குளத்து வாத்துகள்கூட யோசித்துத்தான் கத்துகின்றன. பச்சை மிளகாய் தீர்ந்தால் பஸ் ஏறி டூட்டிங்குக்குப் போகவேண்டும். வந்த புதிதில் அம்மா போனில் கதைக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். "இந்த ரோட்டில தும்மினாலும் நாலு வீட்டுக்குக் கேக்கும்" என்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் அறை.

டூட்டிங்கில் நான் எங்கே படுத்தேன் என்று உனக்குத் தெரியும். சோபாவை விரித்தால் அது என் அறை. மடித்தால் வரவேற்பறை. உனக்கோ பின்பக்கம் ஒரு முழு அறை. ஒரு மேசை, சாத்திக்கொள்ள ஒரு கதவு, ஆப்பிள் மரத்தைப் பார்க்கும் ஒரு ஜன்னல். நான் வாசித்த கதைகளில் வரும் பெண்பிள்ளைகள் எல்லாரிடமும் அப்படி ஒரு ஜன்னல் இருக்கும். எனக்குத் தெரிந்தவர்களில் அது உன்னிடம் மட்டும்தான் இருந்தது.

உன் வீட்டுக்குப் போகப்போகிறோம் என்று அப்பா சொன்னபோது நான் உன்னை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். அழுகை நிற்பதற்கு முன்பே அந்த ஜன்னல் என் மனதுக்குள் வந்துவிட்டது. வராதே என்று சொன்னால் மனம் கேட்குமா?

ஆனால் வீட்டைத் தந்த அன்றே மாமி உன் அறையைப் பூட்டினார். "எல்லாத்தையும் உங்கட வீடு மாதிரிப் பாவியுங்கோ. அந்த அறை மட்டும் அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு முன்பக்கத்துச் சின்ன அறை கிடைத்தது. கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். மேசைக்கு இடமில்லை. இந்த வருடம் எனக்குப் பெரிய பரீட்சை. குசினி மேசையில், அம்மா வெங்காயம் வெட்டும் பக்கத்தில் இருந்து படித்தேன். கணக்குப் பாடத்துக்கு நான் அழுவதாக அப்பா நினைத்தார்.

ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போது உன் கதவைக் கடந்துதான் போகவேண்டும். நீ இல்லை, உனக்கு ஒரு அறை இருக்கிறது. நான் இருக்கிறேன், எனக்கு வெங்காயம். இது என்ன நியாயம் என்று உன் கதவைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். உனக்குக் கேட்டதா?

சனிக்கிழமைகளில் மாமி வருவார். ரெய்னர்ஸ் லேனில் இருந்து ரயில் மாறி மாறி, லண்டனின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு. உனக்குப் பிடித்த பருத்தித்துறை வடையை ஒரு தட்டில் வைத்து உன் கதவடியில் படைப்பார். பிறகு மேல் படியில் உட்கார்ந்திருப்பார். கதவைத் திறக்கமாட்டார். சாவி மடியில் இருக்கும் கைப்பைக்குள்தான் இருக்கும், ஆனாலும் திறக்கமாட்டார். போகும்போது என்னிடம், "சாப்பிட்டியே?" என்று கேட்பார். பதிலுக்கு நிற்கமாட்டார்.

உனக்குப் படைத்த வடையைப் பிறகு நான் சாப்பிடுவேன். நல்ல வடை. அதனால்தான் இன்னும் எரிச்சல். பக்கத்து வீட்டுப் பூனையும் மாமியைப் போலத்தான். பின்கதவால் வரும், படியேறி உன் கதவை முகர்ந்து பார்க்கும், என்னைக் கவனிக்காமல் இறங்கிப் போகும்.

குளிர் தொடங்கியதும் மேல்மாடியில் ஒரு மணம் வந்தது. குளித்துத் துடைத்த துவாயைக் காயாமல் மடித்து வைத்தால் வருமே, அந்த மணம். நாளுக்கு நாள் கூடியது. உன் கதவடியில் இருந்துதான் வந்தது. அம்மா சாம்பிராணி காட்டினார். தீ எச்சரிக்கை மணி அலறி, இந்த அமைதியான தெருவே எங்கள் வாசலைப் பார்த்தது.

அன்று இரவுச் சாப்பாட்டில் அம்மா தொடங்கினார். "சொந்தத்துக்குள்ள வாடகைக்குப் போகவேண்டாம் எண்டு அப்பவே சொன்னனான். ஏஜென்சி எண்டா ஒரு ஈமெயில் போட்டா ஆளை அனுப்புவான். உங்கட அக்காவுக்கு ஆர் ஈமெயில் போடுறது?"

"மெல்லக் கதையும்."

"எவ்வளவு மெல்ல? பூஞ்சணம் எங்கட அறைச் சுவருக்கும் வரப்போகுது."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "அவ பிள்ளையைப் பறிகுடுத்துட்டு இருக்கிறா. நாங்கள் ஒரு அறையை விட்டுக்குடுக்கேலாதோ?"

அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் அது பொறாமையில் இருந்து வருகிறதா, உண்மையிலேயே மணத்தைப் பற்றியதா என்று எனக்கே தெரியாததால் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமி வந்து வழக்கம்போல் மேல் படியில் உட்கார்ந்தார். நான் இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தேன்.

"மாமி, அறைக்குள்ளயிருந்து மணக்குது."

"பழைய வீடு. இந்த நாட்டில எல்லா வீடும் இப்பிடித்தான்."

"இல்லை மாமி. பூட்டிவைச்சு ஹீட்டரையும் நிப்பாட்டினா சுவரில ஈரம் பிடிக்கும். ஜன்னல் திறக்கோணும். சூடு வேணும். ஆராவது புழங்கோணும்."

மாமி திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார். இந்த வீட்டுக்கு நாங்கள் வந்தபிறகு அன்றுதான் அப்படிப் பார்த்தார்.

"உனக்கு அந்த அறை வேணும். அதைச் சொல்லு."

மச்சாள், அந்த இடத்தில் "இல்லை" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"ஓம் மாமி. வேணும். ஆனா மணக்கிறதும் உண்மை."

மாமி கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கைப்பைக்குள் நீண்ட நேரம் துழாவினார். சாவியை என் கையில் வைத்தார். "நீ திற. எனக்கு ஏலாது."

திறந்தேன். உன் கட்டில் தலைமாட்டில் இருந்து மூலை வரைக்கும் சுவர் கறுத்திருந்தது. உன் போர்வையில் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. அலுமாரியில் பள்ளிக்கூடக் கோட்டின் தோள்பட்டையில் பச்சையாகப் பொடி படிந்திருந்தது. புத்தகங்கள் வீங்கிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த தண்ணீருக்குப் பின்னால் ஆப்பிள் மரம் தெரியவே இல்லை. நான் இவ்வளவு காலமும் பொறாமைப்பட்ட அறை இதுதானா?

மாமி வாசலில் நின்று பார்த்தார். சத்தம் போட்டு அழவில்லை. கை மட்டும் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. "பிள்ளையைக் குளிருக்குள்ள பூட்டி வைச்சிட்டன்" என்றார். எனக்குச் சொல்லவில்லை.

பிறகு மாமி கம்பளிச் சட்டையின் கையைச் சுருட்டினார். நான் ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். பிளீச் கலந்த தண்ணீரில் சுவரைத் தேய்த்தோம். கறுப்புத் தண்ணீர் முழங்கை வரை ஓடியது. ஹீட்டரைப் போட்டு உன் புத்தகங்களை அதன்மேல் நிறுத்தினோம். ஒட்டிய தாள்களை மாமி ஒவ்வொன்றாகப் பிரித்தார், கிழியாமல், குழந்தைக்குத் தலை சிக்கெடுப்பதுபோல. நான் உதவிக்கொண்டிருந்தேன். அப்போதும் என்ன நினைத்தேன் தெரியுமா? என் புத்தகம் ஒன்றை இப்படி யாரும் தொட்டதில்லையே என்று.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்தபோது இரண்டு பேரும் ஈரத்தில் நின்றோம். அவருக்குப் பின்னாலேயே அம்மாவும் வந்தார்.

"தம்பி, நான் வீட்டுக்காரி. குழாய் ஒழுகினாச் சொல்லுவியள்தானே? இதை ஏன் சொல்லேல்லை?" என்று மாமி கேட்டார்.

அம்மாதான் சொன்னார். "ஆர் சொல்றது எண்டுதான் நாங்கள் ரெண்டு பேரும் அடிபட்டுக்கொண்டு இருந்தனாங்கள்."

"ரெண்டு பேரும் அடிபடுங்கோ. பிள்ளை சொல்லிப்போட்டுது" என்று சொல்லிவிட்டு மாமி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

சுவர் காய்ந்ததும் அப்பா பெயின்ட் அடித்தார். உன் உடுப்புகளையும் வீணையையும் மாமா காரில் கொண்டுபோனார். காய்ந்த புத்தகங்களை மாமி அலுமாரியில் விட்டுவிட்டார். சாவியை எடுக்கவே இல்லை. அறை எனக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை மாமி வரவில்லை. அதற்கடுத்த சனியும் வரவில்லை. நான் ஆசைப்பட்ட ஜன்னலடியில், ஆசைப்பட்ட மேசையில் இருந்தேன். ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். லண்டனைக் குறுக்கே கடந்து ஒருவர் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாரே, அதுவும் உனக்காகத்தான். திறந்த கதவுக்குள் நான் இருக்கிறேன், எனக்காக வரமாட்டார் என்று தோன்றியது. அன்றுபோல் உன்மேல் நான் என்றைக்குமே பொறாமைப்பட்டதில்லை.

மூன்றாவது சனிக்கிழமை படியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலே வந்து நின்றது. பிறகு யாரோ கதவைத் தட்டினார்கள்.

"உள்ளுக்கு வரலாமோ?"

தன் சொந்த வீட்டில், தன் மகளின் அறைக் கதவைத் தட்டிவிட்டு மாமி நின்றுகொண்டிருந்தார். கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். "இரவில குளிருதோ?" என்று கேட்டார். இந்த முறை பதிலுக்குக் காத்திருந்தார்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கமுன் மாமிக்கு வாசித்துக் காட்டினேன். பொறாமை என்று வரும் இடங்களை வெட்டவா என்று கேட்டேன். மாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெட்டாதை. மற்ற எல்லாரும் அவளைச் சாமியாக்கிப்போட்டினம். நீ ஒருத்திதான் இன்னும் அவளோட சண்டை பிடிக்கிறாய்" என்றார்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், மச்சாள். காலையில் ஜன்னலைத் திறப்பேன், குளிர்காலத்திலும். மாமி தட்டினால் வாசிக்கும் கதையின் நடுவில் இருந்தாலும் எழுந்துபோய்த் திறப்பேன். அவர் உன்னைப் பற்றித்தான் பேசுவார். கேட்கக் கேட்க எனக்கு எரியும். கேட்டு முடித்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகு, உன்னோடு சண்டை பிடிப்பேன். உன்னை நான் சாமியாக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மாமாவின் மகள்,
ஆதிரை