அம்மாவின் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கோப்

அன்பு மகளுக்கு,

நான் நலம்தான். இங்கே மொன்டானாவில் மான் வேட்டை தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் உன் அம்மா சுட்டாள், நான் சமைத்தேன். இந்த முறை அவளுடைய துப்பாக்கியை நானே எடுத்தேன். என் கண்ணுக்குக் குழல் முனையே சரியாகத் தெரியவில்லை. அதனால் குறிபார்க்கத் துப்பாக்கி மேல் பொருத்தும் ஸ்கோப் ஒன்றை மலிவாக வாங்கலாம் என்று விர்ஜில் கடைக்குப் போனேன்.

உருவத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும் ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"அத வைய்யா. இந்த வெலைக்கு அவ்வளவு வசதி குடுத்தா, செய்யறவன் கண்ணாடியிலதான் மிச்சம் பிடிப்பான். விடியற நேரத்துல மங்கலாத் தெரியும். எப்பவும் நாலு மடங்கு மட்டும் காட்டுற இத எடு, போதும்," என்றான் விர்ஜில். "உன் பொண்டாட்டி வெறுங்கண்ணால சுட்டா. உனக்கு இதெல்லாம் வேண்டிக்கிடக்கு!"

சொல்லிவிட்டு, பில் போடும்வரை அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை விடியலில் ஓடைக்கு அப்பால் ஒரு ஆண் மான் வந்து நின்றது. ஸ்கோப்பில் அதன் இமை மயிர்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஒரே குண்டில் விழுந்தது. "பாத்தியாடி!" என்று உன் அம்மா வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பினேன்.

அதைத் தனியாக இழுத்துவர மாலையாகிவிட்டது.

இப்போது ஃப்ரீசர் நிறைய இறைச்சி இருக்கிறது. ஒரு ஆள் இவ்வளவு தின்ன முடியாது. நீ வரும் மலைச்சாலையைப் பனி இன்னும் மூடவில்லை.

உன் அப்பா