காத்திருப்போர் வரிசையில் மூன்றாவது

வேங்கிக்கால்,
கார்த்திகைக் கடைசி.

கோபமெல்லாம் இல்லை எழில். நான் பேசாமல் இருந்தால் கோபம் என்று நீயாக முடிவு செய்துகொள்கிறாய். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், தீபத்துக்குக் கலெக்டர் ஆபீஸில் போட்ட டூட்டியில் அப்பாவுக்குப் பிடித்த சளி மட்டும் இன்னும் விடவில்லை, நீயும் அந்தக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஜனவரியில் ஊருக்கு வராமல், சீசன் முடியும்வரை, அக்டோபரிலிருந்து நீ இருக்கிற எடின்பரோ ஃபியோனா வீட்டிலேயே தங்கட்டுமா என்று கேட்டாய். சிக்னல் இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சிக்னல் இருந்தது. பதில்தான் இல்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் குரல் தெரியாது.

அக்டோபரில் எடின்பரோ போட்டிக்குப் போனபோது, ஹோட்டல் இல்லையம்மா, கிளப்பில் ஆடும் ஃபியோனா என்று ஒருவர் தன் வீட்டில் அறை தருவார் என்று சொன்னாய். ஸ்குவாஷில் அது வழக்கம் என்றாய். மேலே இருப்பவர்களுக்கு ஹோட்டல், கீழ்ப்படியில் ஆடுகிறவர்களுக்கு யாரோ ஒருவர் வீடு. முன்பின் தெரியாத வீட்டில் ஒரு வாரம். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கேட்டேன். நல்லவர்களா என்று கேட்டேன். எவ்வளவு நல்லவர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் நாள் நீ அனுப்பிய படத்தில் உன் காலுறைகள் அவள் வீட்டுச் சுவர் ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தன. நீ அவளுடைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாய். பச்சை. உனக்குப் பச்சை பிடிக்காது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கால் இறுதி அன்று நீ ஆடியது பக்கத்துக் கோர்ட்டில், அங்கே கேமரா இல்லை, எனக்கு வந்தது எண்கள் மட்டும். பதினொன்று எட்டு, ஒன்பது பதினொன்று. போன் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டால் ஓர் எண் மாறும். ஃபியோனா கோர்ட்டின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உன்னைப் பார்த்தாள். நான் எண்களைப் பார்த்தேன். அவளுக்கு உன் பெயரில் ழ வரவில்லை என்பது மட்டும் அந்த வாரம் எனக்குக் கிடைத்த சந்தோஷம். அற்பம்தான். செங்கம் ரோட்டில் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்காரி சைக்கிளில் போனால்கூட இப்போது நின்று பார்க்கிறேன். போன வாரம் ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடையில் நுழைந்து, ஃபியோனா வைத்துத் தந்ததாக நீ சொன்னாயே, பூசணி சூப், அதை வாங்கிக் குடித்தேன். உப்பு இல்லை. இதையா இரண்டு கிண்ணம் குடித்தாய்.

ஜனவரி விஷயத்தில் தப்பு என்னுடையது. உங்கள் ஸ்குவாஷ் அமைப்பின் இணையதளத்தில் உன் பெயருக்கு நேராக இருந்த போட்டிகளையெல்லாம் சமையல்கட்டு காலண்டரில் எழுதி வைத்தேன். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் நிறைந்திருந்தது. ஜனவரி வெறுமையாக இருந்தது. வெறுமை என்றால் லீவு. பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் பழகிய புத்தி அப்படித்தான் படிக்கும். நீ வருவாய் என்று உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அவனும் தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காது குத்த மண்டபம் பேசிவிட்டான். எழில் வரமாட்டாள் போலிருக்கிறது என்று இப்போது சொன்னதும், அத்தை இல்லாம எம் புள்ளைக்குக் காது குத்தறதா, ஒண்ணும் வேணாம் போ, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு இளஞ்செழியன் முறைத்துக்கொண்டு போனான். எதிர்வீட்டு இருசப்பன் வேறு, பால் வாங்க நின்ற இடத்தில், என்னா நந்தினிம்மா, பொண்ணு இப்ப எந்த ஊரு செவுத்துல பந்து அடிக்குது, டிவில காட்டவே மாட்டேன்றானே, செவுரு ஜெயிச்சுதா பொண்ணு ஜெயிச்சுதான்னு கேட்கிறார். செவுரு நம்ம ஊர்லயே கெடக்குது, அதுக்கு எதுக்குமா பிளேன் ஏறணும் என்று அவரே சிரிக்கிறார். நானும் சிரித்தேன்.

அவர் கேட்டதற்குப் பதிலைச் சொன்னது ஃபியோனா. இதை நீ அறிய மாட்டாய். போன ஞாயிற்றுக்கிழமை, நீ பயிற்சிக்குப் போயிருந்த நேரம், அவள் வீடியோவில் கூப்பிட்டாள். நான் எம்.ஏ. ஆங்கிலம் படித்தவள், இருந்தும் அவள் பேச்சில் பாதி காற்று. அவள் அதைப் புரிந்துகொண்டு, சமையல் மேஜையில் பிஸ்கட்டுகளை வரிசையாக அடுக்கினாள். ஒரு பிஸ்கட் ஒரு வாரம். ஆகஸ்டு கடைசியில் ஆரம்பித்து ஜூன் வாக்கில் முடிகிற வரிசை. அடியில் சின்னப் போட்டிகள், அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று நகைக்கடை மாதிரி ஏறிக்கொண்டே போகிறது. ஜெயித்தால் புள்ளி. புள்ளி சேர்ந்தால் தரவரிசையில் மேலே. மேலே போனால்தான் அடுத்த படிப் போட்டியில் உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் புள்ளிக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். இதைச் சொல்லும்போது வரிசையின் ஒரு முனையில் புது பிஸ்கட் ஒன்றை வைத்தாள், மறுமுனையில் பழையதை எடுத்துக் கடித்தாள். போன வருஷம் இதே வாரம் ஜெயித்தது இந்த வருஷம் இதே வாரம் இல்லாமல் போய்விடும். மறுபடி ஜெயிக்க வேண்டும், இருக்கிற இடத்தில் இருப்பதற்கே. அவள் மென்றுகொண்டிருந்தாள். நான் அந்தக் காலியிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜனவரியைக் காட்டினாள். அது காலி இல்லை, நான் பார்த்தபோது பட்டியல் வெளிவரவில்லை, அவ்வளவுதான். மூன்று போட்டிகளுக்கு நீ பெயர் கொடுத்திருக்கிறாய். ஒன்றில் கடைசி இடத்தில் உள்ளே. மற்ற இரண்டில் காத்திருப்போர் வரிசையில் மூன்றாவது. யாருக்காவது கால் பிசகினால், காய்ச்சல் வந்தால், விசா வராவிட்டால், வரிசை ஒன்று நகரும். போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள்கூட நகரும். அப்போது ரயிலில் போய் இறங்கக்கூடிய தூரத்தில் இருப்பவளுக்குத்தான் அந்த இடம். இங்கிருந்து புறப்பட்டு சென்னை போய் விமானம் ஏறி நீ வந்து சேர்வதற்குள் அது வேறொருத்தி இடம். நான் லீவு என்று காலண்டரில் படித்தது நீ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாட்கள். என் மகளின் வருஷம் எப்படி ஓடுகிறது என்று யாரோ ஒருத்தி பிஸ்கட் வைத்து எனக்குச் சொல்லித் தருகிறாள். நன்றாகவே சொல்லித் தந்தாள். அதுதான் தாங்கவில்லை.

யார் மேல் இந்தப் பொறாமை என்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது யோசித்தேன். எட்டாம் வகுப்பில் உன்னைச் சென்னை விளையாட்டு விடுதியில் விட்டு வந்தபோது அந்த வார்டன் மேல் இருந்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது உன் முதல் மாதவிலக்குத் தேதி, எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இப்போது ஃபியோனா மேல். ஆட்கள் மாறுகிறார்கள், எனக்கு ஒதுக்கின இடம் மாறவில்லை. தேவைப்படும்போது கூப்பிடுவார்கள் என்று நானும் ஒரு வரிசையில் நிற்கிறேன். தூரத்தில் நிற்கிறேன். இன்னொன்றும் உண்டு, சொல்லிவிடுகிறேன். உன் மேலும்தான். தோற்ற மறுநாள் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறாய். எனக்கு அடுத்த ஊர் என்று ஒன்று வந்ததில்லை. மழை வரும்போல் இருந்தது. மலை உச்சி மேகத்தில் மறைந்திருந்தது. துணியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார், போர்வைக்குள்ளிருந்தே, அவளுக்கு அங்க ஒரு வேளை சோறு கம்மியா, இல்ல அன்பு கம்மியா, ஜாஸ்தியா இருக்குதுன்னுதானே அழுவுற, நல்லா இருக்குது உன் நியாயம் என்றார். அழவில்லை என்றேன். சரி, கண்ணில் ஆவி பட்டது என்று சொல்லு என்றார். உன் அப்பாவுக்கு இந்த வயதில்தான் இப்படியெல்லாம் பேச வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைக்கும் முன் ஃபியோனா ஒன்று கேட்டாள். தோற்றுவிட்டு வரும் நாட்களில் நீ ஷூவைக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிடுகிறாயாம். அப்போது உன்னிடம் என்ன பேசுவது, பேசுவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லையாம். உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்றாள். எனக்கும் தெரியாது என்று சொன்னேன். தெரியும். அது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். நாலு நாள் ஆகிறது. நடுவில் நீ ஒரு ஆட்டம் தோற்றாய். அன்றைக்கு எவ்வளவு நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாய் என்று எந்த எண்ணும் என் போனில் வரவில்லை.

ஆகவே இரு, எழில். சீசன் முடியும்வரை அங்கேயே இரு. காதுகுத்தை ஜூலைக்குத் தள்ளச் சொல்லி இளஞ்செழியனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவன் இரண்டு நாள் முறைப்பான், மூன்றாம் நாள் தானே வந்து எழில் எந்தப் போட்டியில் இருக்கிறாள் என்று கேட்பான். பிஸ்கட் வைத்து நானே அவனுக்குச் சொல்லித் தருவேன். உள்ளே இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடு. இடது கணுக்காலுக்குக் கட்டுப் போடாமல் இறங்காதே. அடுத்தவளுக்குக் கால் பிசக வேண்டும் என்று மனதுக்குள்ளும் நினைக்காதே, அந்த வேலையை உனக்காக நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபியோனா வீட்டில் தின்ற தட்டை நீயே கழுவி வை. அவளை அம்மா என்று மட்டும் கூப்பிடாதே, வேடிக்கைக்காகக்கூட வேண்டாம். அருணாசலேசுவரர் உன் மூச்சுக்கும் முட்டிக்கும் துணை இருக்கட்டும், உன் கை ஓங்கி இருக்கட்டும், நீ நீண்ட காலம் நன்றாக இரு. வரும் திங்கட்கிழமை தரவரிசை வந்ததும் எனக்கு முதலில் சொல். அவளுக்கு முதலில் தெரிந்தாலும், எனக்கு முதலில் சொன்னதாகச் சொல்.

உன்னைப் பெற்றவள்,
நந்தினி

கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபியோனாவுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். தோற்று வந்தால் எதுவும் பேச வேண்டாம், விளக்கைப் போட வேண்டாம், இரண்டு படி கீழே நீங்களும் உட்காருங்கள், அவளே ஷூவைக் கழற்றுவாள் என்று. அனுப்பிவிட்டேன்.