லாங்ஜம்ப் நான் போட்டது

உன் அம்மாவின் வேலையைப் பறித்தது நான்தான். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், அவ்வளவே.

சக்குபள்ளம் ஏலக்காய் ஸ்டோரில் கருகல் வாடை இன்னும் போகவில்லை. இன்று காலை உலர்த்தும் அறையைத் திறந்ததும் மூக்கில் ஏறியது.

ஹீட்டரை இயக்கும் சி மொழி நிரலை நாம் இருவரும் சேர்ந்துதான் எழுதினோம். வெப்பத்தை அளக்கும் சென்சார் தப்பாகக் காட்டினால், அதைப் படிக்கும் நிரல் துண்டான ஃபங்ஷன் தன்னை அழைத்த ஃபங்ஷனுக்குப் பிழையைச் சொல்லும். அது ஹீட்டரை அணைத்துவிட்டுத் தனக்கு மேலே சொல்லும். படிக்குப் படி நீ ஒரு சோதனை வைத்தாய். எனக்கு எரிச்சலாக இருந்தது. நடுப்படிகளை விட்டுவிட்டு நிரலின் தொடக்கமான மெயினுக்கே தாவும் கட்டளை ஒன்று உண்டு, லாங்ஜம்ப்.

"லாங்ஜம்ப் எதுக்கு இருக்கு? ஒரே தாவா மெயினுக்குப் போயிரலாம்ல?"

"ஏட்டி, நீ தாவிருவ. நடுவுல ஹீட்டரப் போட்டது போட்டபடி கெடக்கும். உங்கப்பனா வந்து அணைப்பாரு?"

மழை ஈரத்தில் சென்சார் அடிக்கடி உளறியது. இயந்திரம் நின்று நின்று ஓடியது. "எரர் வந்தாலும் நிக்கக் கூடாது" என்றார் மேனேஜர். புது சென்சார் கேட்டாய். வாங்கவில்லை.

நீ காய்ச்சலில் இறந்துபோன மறுமாதம் அவர் என்னிடம் வந்து, இயந்திரம் நிற்கவே கூடாது என்றார். வேலை போய்விடும் என்று பயந்தேன். உன் சோதனைகளை அழித்துவிட்டு லாங்ஜம்ப் போட்டேன். பத்து நாள் நிற்காமல் ஓடியது. பாராட்டினார். பதினோராம் நாள் சென்சார் விடாமல் உளறியது. நிரல் ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்குத் தாவியது. ஹீட்டரை அணைக்கும் வரி நடுவில் விடுபட்டுப்போனது; ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. அறையில் இருந்த ஏலக்காய் அத்தனையும் கரி.

மேனேஜர் எழுதிய அறிக்கையில், தப்புச் செய்தவள் என்று உன் பெயர். மாற்றச் சொன்னேன். "மரிச்சவ பேர் இருந்தா ஆருக்கும் நஷ்டம் இல்லல்லோ, மோளே" என்றார்.

யாருக்கும் இல்லையாம். மறுவாரமே, மகள் செய்த நாசம் என்று சொல்லி, காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த உன் அம்மாவை நிறுத்தினார்கள். ஆபீஸில் பிறக்கும் தப்பு ஆபீஸைத் தொடுவதே இல்லை. நேரே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் வந்து இறங்குகிறது.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. "எம்புள்ள மேல தப்பில்லன்னு எழுதி வாங்கிட்டு வா" என்றார். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

இன்று உன் பழைய நிரலை ஒரு சோதனை விடாமல் திரும்ப ஏற்றினேன். நீ எழுதியதையும் நான் மாற்றியதையும் அச்செடுத்து மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் ஜன்னலைத்தான் பார்த்தார். நான்காம் முறையாகச் சொன்னேன்.

"சார், அறிக்கையில அவ பேர அடிச்சிருங்க. எம்பேர எழுதுங்க. அவ அம்மாவ வேலைக்குக் கூப்பிடுங்க."